மூலப்பத்திரம் தொலைந்துபோன வீட்டை வாங்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் பழைய தனி வீடு ஒன்றை விலை பேசியிருக்கிறோம். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழில் எந்தக் குறையும் இல்லை. ஆனால், மூலப்பத்திரம் தொலைந்துவிட்டதென்று கூறி உரிமையாளர் நகலை மட்டுமே காட்டுகிறார். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். வில்லங்கச் சான்றிதழ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலோ, வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினையோ, அசல் பத்திரத்தைக் கொடுத்துத் தனியாரிடம் வாங்கிய கடனோ அதில் இடம்பெறாது. நீங்கள் அனுப்பிய நகலின் முதல் பக்க மூலையில் பென்சிலால் எழுதிய எண் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. அடகுக்கு வரும் பத்திரங்களில் இப்படிக் குறித்துவைப்பதுண்டு என்பதால், அது எதற்கான எண் என்று உரிமையாளரிடமே கேளுங்கள். (பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.)

பத்திரம் உண்மையிலேயே தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் அளித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழையும், நாளிதழில் வெளியிட்ட அறிவிப்பையும், பதிவு அலுவலகத்தின் சான்றிட்ட நகலையும் அவர்தான் பெற்றுத் தர வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இறந்துபோன தந்தையின் பெயரிலேயே நீடித்தால், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடாத கிரயம் பின்னாளில் வழக்கில்தான் போய் நிற்கும். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீத வருமான வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டியவர் நீங்கள்தான்.