போயா தாண்டினால் மழை விடுமா?

"நிலவின் சுழற்சி பூமியின் நீண்டகால வானிலையை மாற்றுமா, பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் இலங்கை மலைநாட்டுப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். "அமாவாசை மழை புடிச்சா விடாது", "போயா தாண்டட்டும், வெளுத்துரும்" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். போயா என்றால் பௌர்ணமி நாள்.

பாதிப்பு இருக்கிறது. ஆனால் மிகச் சிறியது. மலைச்சரிவில் குடியிருக்கும் யாரும் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஒபிசில் வேலை செய்தார். மழைமானி பார்த்து எழுதுவது அவர் பொறுப்பு. காலையில் புனலில் விழுந்து கிடக்கும் சவுக்கு இலையையும் பூச்சியையும் எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் சொட்டு சிந்தாமல் ஊற்றுவார். குனிந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துத்தான் பார்ப்பார். ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும், அதைப் பார்க்காதே, நடுவில் குழிந்திருக்கும் இடத்தைப் பார் என்று எனக்கும் பழக்கிக் கொடுத்தார். ஒபிஸ் புத்தகத்தில் எழுதியதை வீட்டில் ஒரு கொப்பியிலும் எழுதி வைப்பார்.

பெரியப்பாவுக்கும் அவருக்கும் இந்த நிலவு விஷயத்தில் ஓயாத வாக்குவாதம். "நீ என்னத்த அளந்தாலும் சரி தம்பி, மழ நிலாவோடதான் வரும்" என்பார் பெரியப்பா. அண்ணன் பேச்சைத் தட்டாமல் அப்பா அந்தக் கொப்பியில் போயாவுக்கு ஒரு வட்டமும் அமாவாசைக்கு ஒரு கறுப்புப் புள்ளியும் போட ஆரம்பித்தார். அந்தக் கொப்பிகள் இன்று என்னிடம் இருக்கின்றன. புரட்டிப் பார்த்தால் பெரிய மழைகள் மே, ஜூனில் நிற்கின்றன, பிறகு ஒக்டோபர், நவம்பரில் நிற்கின்றன. வட்டமும் புள்ளியும் அவற்றோடு சேரவில்லை. ஒரு தோட்டத்துக் கொப்பியை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்கிறானே என்று யாராவது வருவீர்கள். நான் முடிவு சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்படியானால் பெரியப்பாவுக்கு ஏன் அவ்வளவு உறுதி? போயா விடுமுறை நாள். மலைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து பார்த்த மழை மனதில் நிற்கும். அப்புறம் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. வெசாக் முடிந்த கையோடு எங்கள் பக்கம் மழை இறங்கும். பார்க்கிறவர்களுக்குப் போயாதான் மழையைக் கூட்டி வந்தது போல் இருக்கும். கூட்டி வருவது தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மழை மலைகளுக்குக் கிழக்கே இருக்கும் பதுளைப் பக்கம் போய்ச் சேராது. அதே நிலவின் கீழ் அங்கே வறண்ட காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

பெரியப்பாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1962இல் சயன்ஸ் இதழில் அமெரிக்க மழைப் பதிவுகளைப் பற்றி ஒன்றும் நியூசிலாந்துப் பதிவுகளைப் பற்றி ஒன்றுமாக இரண்டு கட்டுரைகள் வந்தன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிந்திய சில நாட்களில் பெருமழை சற்றுக் கூடுகிறது என்றுதான் இரண்டும் சொல்லின. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயாமாவும் வாலஸும் 15 ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நிலவு உச்சிக்கு வரும்போது காற்றழுத்தம் ஒரு துளி கூடும். காற்று இம்மியளவு சூடாகி, அதன் சார்பு ஈரப்பதன் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) குறைந்து, மழையும் கொஞ்சம் குறையும். மழையின் மொத்த ஏற்ற இறக்கத்தில் இதன் பங்கு ஒரு சதவீதம் அளவுதான்.

நீங்கள் கேட்டது நீண்டகாலம். அதற்கு 18.6 ஆண்டுச் சுழற்சி ஒன்று இருக்கிறது. நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகை அளவு சாய்ந்தது. அந்தச் சாய்வின் திசை ஒரு சுற்று திரும்பி வர 18.6 ஆண்டு ஆகும். 2006இல் நிலவு வான நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 28 பாகைக்கு மேல் போனது, 2015இல் 18 பாகையோடு திரும்பியது, 2024, 2025இல் மறுபடி உச்சத்துக்கு வந்தது. இதன் வேலை பெரும்பாலும் கடலில்தான், வற்றுப்பெருக்கில். கடல்மட்டம் உயர்வதோடு இதுவும் சேர்ந்து 2030களின் நடுவில் அமெரிக்கக் கரையோரங்களில் வெள்ளம் கூடும் என்று 2021இல் நாசா ஆய்வு ஒன்று சொன்னது. நமக்கு ஒரு ஆண்டுக்கும் இன்னொரு ஆண்டுக்கும் மழை மாறுவதில், பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவின் கை அதைவிடப் பெரியது. எல் நினோ வரும் ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் மழை கூடுவது வழக்கம்.

மழை என்று பேச வந்தால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அப்பா மழையை அளந்துகொண்டிருந்த அதே காலையில் அம்மா இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றார். ஈரக் கொழுந்து என்று நிறுவையில் கிலோவைக் கழிப்பார்கள். கழித்தது போகக் கணக்கு நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எங்கள் வீட்டில் எழுத்திலேயே இருந்தது. அதைக் காட்டி ஒரு முழுப்பேர் கேட்க முடியவில்லை. மாதம் முடிந்தால் மழைக் கணக்கு மேலே போகும். லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு யாரும் அதை வாசித்துக் காட்டியதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எங்களுக்குச் சம்பந்தம் இருக்கிறது.

சரி, முக்கியமான விஷயம். பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29 காலை. தீபாவளி முடிந்து ஒரு வாரம். அமாவாசையும் தீபாவளியோடு போய்விட்டது, போயாவுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. நிலவைப் பார்த்து நாள் குறித்திருந்தால் அது பயமில்லாத நாள்.

உங்கள் வீடு சரிவில் இருந்தால் மழையின் அளவைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேறு என்பது மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு. மழைமானி இல்லையென்றால் அடியும் வாயும் ஒரே அகலமான நேர் தகர டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலும் போதும். சுவரில் புது வெடிப்பு கண்டாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நின்றுவிட்டாலோ, அளவுக்கெல்லாம் காத்திருக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

விதைக்கவும் நடவும் நிலவு பார்த்து நாள் குறிப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துக் கரட்டும் லீக்ஸும் இன்றும் பெரியப்பா சொன்ன நாள் பார்த்துத்தான் நடுகிறோம்.