விளம்பரத் தபாலை நிறுத்தப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: தபால் பெட்டியைத் திறந்தால் தினமும் நாலைந்து விளம்பரக் கவர். பளபளப்பான கேட்லாக், பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த கவர், என் பெயர் அச்சடித்த கடன் அட்டை அழைப்பு. இதையெல்லாம் பழைய தாளோடு போடலாமா, முதலில் ஷ்ரெட்டரில் அரைக்க வேண்டுமா? ஆண்டுக் கட்டணம் கட்டினால் இவை வராமலே செய்துவிடுவதாக ஓர் இணைய சேவை சொல்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சேவைக்காரர் செய்யப்போவது உங்கள் பெயரில் நாலு படிவம் நிரப்புகிற வேலை, அவ்வளவுதான். அந்தப் படிவங்களை நீங்களே காசில்லாமல் நிரப்பலாம். பிரிட்டனில் மெயில் பிரிஃபரன்ஸ் சர்வீஸ், ஜெர்மனியில் ராபின்சன் பட்டியல், இரண்டும் விளம்பரத் தபால் வேண்டாம் என்பவர்களின் பெயர்ப் பதிவு, பதிய ஒரு காசு கிடையாது. அமெரிக்காவில் கடன் அட்டை அழைப்புகளை நிறுத்த, கடன் தகவல் நிறுவனங்களே சேர்ந்து நடத்தும் ஒரு பதிவு இருக்கிறது. இணையத்தில் பதிந்தால் 5 ஆண்டு, கையெழுத்திட்ட படிவம் அனுப்பினால் நிரந்தரம், அதுவும் இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, நேரடி விளம்பரம் வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கெல்லாம் நடுவில் ஒரு தரகர் எதற்கு?

பணம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. இப்படிப்பட்ட சேவைகளில் சில, வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரும், பிறந்த தேதியும், பழைய முகவரிகளும், அடையாள அட்டையின் படமும் கேட்கும். கவரில் இருக்கும் பெயரை நீக்க அந்தப் பெயரும் முகவரியும் போதும். அதற்கு மேல் கேட்கிறவர் எதையும் நீக்க வரவில்லை, சேர்க்க வந்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த விளம்பரத் தபால் முடியாமல் நீள்கிறது என்றால், கவரை அனுப்புகிறவருக்குப் பெரும்பாலும் நம் பெயரும் முகவரியும் உள்ள பட்டியல் சொந்தமில்லை. ஆயிரம் பெயருக்கு இவ்வளவு என்று ஒருமுறை உபயோகத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவர் இரண்டாம் முறை திருட்டுத்தனமாக அனுப்பினால் கண்டுபிடிக்க, பட்டியல்காரர் நடுவில் சில பொய்ப் பெயர்களைச் செருகி வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். தன் சரக்குக்கு இவ்வளவு காவல் போடத் தெரிகிறது, பெயருக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை! அதனால் அனுப்பியவரிடம் 'நிறுத்துங்கள்' என்று மட்டும் சொன்னால் ஒரு கவர் நிற்கும், அடுத்த மாதம் வேறொருவர் அதே பட்டியலை எடுப்பார். 'என் பெயரை யாரிடம் வாங்கினீர்கள்?' என்று கேளுங்கள், அங்கே போய் நீக்கச் சொல்லுங்கள்.

கேட்லாக்கைத் திருப்பிப் பாருங்கள். முகவரிக்கு மேலேயோ பக்கத்திலேயோ பொடி எழுத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு இருக்கும். நீங்கள் எந்தப் பட்டியலிலிருந்து வந்தீர்கள் என்பது பல நேரம் அதிலேயே இருக்கிறது. அதையும், பெயரை அவர்கள் எப்படி அச்சடித்திருக்கிறார்களோ, தப்பாகவே இருந்தாலும், அப்படியே எழுதி அனுப்புங்கள். சரியான எழுத்தில் எழுதினால் 'அப்படி யாரும் எங்களிடம் இல்லை' என்று பதில் வரும். நான் உத்தரவாத அட்டை, பரிசுக் கூப்பன் எது நிரப்பினாலும் பெயருக்கு முன்னால் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எழுத்தை மாற்றிப் போடுவேன். ஒரு மிக்சியின் உத்தரவாத அட்டையில் மட்டும் போட்ட எழுத்தோடு, இரண்டு மாதத்தில் மெத்தை விளம்பரம் வந்தது. யார் கொடுத்தார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சரி, வந்துவிட்ட தாள்களுக்கு வருவோம். பளபளப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் இல்லை, களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு. கூழாக்கும் தொட்டியில் பிரிந்துவிடும், தாராளமாகப் போடலாம். சந்தேகம் இருந்தால் ஓரத்தைக் கிழியுங்கள். பஞ்சு போல நார் தெரிந்தால் தாள். மெல்லிய படலம் இழுபட்டு வந்தால் அது பிளாஸ்டிக் ஒட்டியது, குப்பைக்குத்தான். ஜன்னல் கவரைப் பல ஆலைகள் அப்படியே எடுத்துக்கொள்ளும், ஜன்னலைக் கிழித்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிக்கொண்டு உட்கார வேண்டாம், ஆலையில் காந்தமும் சல்லடையும் இருக்கின்றன. உள்ளே பசையால் ஒட்டிய போலி அட்டையை மட்டும் பசையோடு பிய்த்தெடுங்கள். அந்தப் பிசின்தான் கூழில் கரையாமல் உருண்டு புதுத் தாளில் ஓட்டை போடுவது.

ஷ்ரெட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பயந்து எல்லாவற்றையும் அரைக்கிறார்கள். தாளின் உயிர் அதன் நார் நீளத்தில் இருக்கிறது. ஒரு நார் ஐந்தாறு தடவைதான் மறுசுழற்சியைத் தாங்கும், ஒவ்வொரு தடவையும் குட்டையாகும். அரைக்கும்போது அந்த ஆயுளில் ஒரு பங்கை வீட்டிலேயே நறுக்கிவிடுகிறோம். அதோடு மெல்லிய கீற்றுகள் தரம் பிரிக்கும் இயந்திரத்தின் இடுக்குகளில் விழுந்து கண்ணாடித் துண்டுகளோடு கலந்துவிடும், அப்புறம் அதை யாராலும் மீட்க முடியாது. அதனால் முகவரி உள்ள மூலையைக் கிழித்தெடுங்கள், மீதி முழுத்தாளாகப் போகட்டும். விதிவிலக்கு கடன் அட்டை அழைப்பு: உங்கள் விவரம் ஏற்கெனவே நிரப்பிய விண்ணப்பம் உள்ளே இருந்தால் அந்த ஒரு பக்கத்தைக் கட்டாயம் அரைக்க வேண்டும், இன்னொருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடக் கூடாது. உடன் வந்த விளக்கத் தாளில் பெயர் இல்லையென்றால் அரைக்க வேண்டாம். அரைத்த கீற்றை உதிரியாகக் கொட்டாமல் ஒரு பழைய தாள் கவரில் அடைத்து மடித்துப் போடுங்கள், அப்படி வாங்கிக்கொள்ளாத இடமானால் பளபளப்பில்லாத கீற்றுகளை மட்டும் மக்கும் உரத்தில் சேர்க்கலாம்.

பெயரில்லாமல் வந்து விழும் துண்டு விளம்பரங்களுக்குப் பெட்டியில் 'விளம்பரம் வேண்டாம்' என்று ஒட்டுவதுதான் வழி. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். வேண்டாம் என்று சொல்லும் வேலை ஏன் நம் தலையில் விழ வேண்டும்? ஆம்ஸ்டர்டாமில் 2018 முதல், வேண்டும் என்று ஒட்டியவர் பெட்டியில்தான் துண்டு விளம்பரம் போடலாம். ஒரு நகரத்தால் முடிந்தது மற்றவற்றால் ஏன் முடியாது?

இன்று எழுதிப் போட்டாலும் கவர்கள் நாளைக்கே நிற்காது. முகவரிச் சீட்டுகள் முன்கூட்டியே அச்சாகிவிடுவதால் மூன்று நான்கு மாதம் வந்துகொண்டுதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் தரகரிடம் ஓடாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் வங்கிக் கணக்கில் தானாகப் புதுப்பிக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். அதை முதலில் ரத்து செய்துவிட்டு, கொடுத்த விவரங்களை அழிக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள்.