லாரி ஹெட் கேஸ்கட்: கேட்டவர்களுக்குப் பதில்

டீசல் லாரி, மினி லாரி ஹெட் வேலை பற்றி மட்டும் கேளுங்கள். ஹெட் என்பது இன்ஜின் சிலிண்டர்களின் மேல்மூடி. அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில், அழுத்தமும் தண்ணீரும் கசியாமல் தடுக்கும் தகடுதான் கேஸ்கட். சொந்த வண்டியை வீட்டு வாசலிலேயே கழற்ற நினைப்பவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

மாதவரம்: அண்ணே, டாடா 407 வண்டி. தினமும் தண்ணி குறையுது, காலையில வெள்ளைப் புகை. கேஸ்கட் போயிடுச்சா?

புகையை மட்டும் நம்பி ஹெட்டில் கை வைக்காதீங்க தம்பி. எரியாத டீசலும் வெள்ளையாகத்தான் வரும், ஆனால் கண்ணை எரிக்கும். கூலன்ட் என்றால் இனிப்பு வாடை அடிக்கும். காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விளிம்பு வரை நிரப்பி, ஸ்டார்ட் பண்ணுங்க. சூடு ஏறுவதற்கு முன்பே விடாமல் குமிழி வந்தால், சிலிண்டர் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்று அர்த்தம். ஆயில் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திடுங்க, பேரிங் போய்விடும். வாட்டர் பம்ப் சீல், ஆயில் கூலர், ஹெட் விரிசல் இவற்றாலும் தண்ணீர் குறையும். குமிழி வந்த பிறகும் அது கேஸ்கட்டா, விரிசலா என்பது ஹெட்டை இறக்கி பிரஷர் டெஸ்ட் பண்ணினால்தான் தெரியும்.

திருவொற்றியூர்: நானும் மச்சானும் வீட்லயே செய்யலாமா சார்?

செய்யலாம். டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவு பார்த்து இறுக்குவது), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டயல் கேஜ், நேரான ஸ்டீல் பட்டை, ஹெட்டைத் தூக்க செயின் பிளாக், உங்கள் இன்ஜினுக்கான சர்வீஸ் புத்தகம், இத்தனையும் கையில் இருக்கணும். ஒன்று குறைந்தாலும் ஆரம்பிக்காதீங்க.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே போல்ட்டில் ரெஞ்ச் வைக்கணும், சூட்டில் தளர்த்தினால் ஹெட் கோணிவிடும். தளர்த்துவது ஓரத்திலிருந்து நடுவுக்கு, இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. அதையும் ஒரே மூச்சில் செய்யாமல் படிப்படியாக. ஹெட்டை எடுத்ததும் ஸ்டீல் பட்டையை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. புத்தகம் சொல்லும் அளவைத் தாண்டினால் லேத்துக்குப் போகணும். பிளாக்கின் மேல்முகத்தையும் அப்படியே பாருங்க, பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வெட் லைனர் (வெளிப்பக்கம் கூலன்ட் தொடும்படி பிளாக்கில் செருகிய சிலிண்டர் உறை) உள்ள இன்ஜினாக இருந்தால், லைனரை கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றக் கூடாது. லைனர் மேலே எழும்பினால் கீழ் சீல் போய், ஆயில் சம்ப்பில் தண்ணீர் இறங்கும். லைனர் விளிம்பு பிளாக்குக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதையும் அளக்கணும். ஒரு லைனர் தாழ்ந்திருந்தால் புது கேஸ்கட்டும் அதே இடத்தில் ஊதும்.

போல்ட் துளைகளைக் காற்றடித்துக் காய வைங்க. அடிப்பக்கம் மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ நின்றால், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியில்லாமல் பிளாக்கே விரிசல் விட்டுவிடும்.

ஆவடி: 407க்கு டார்க் எவ்வளவு?

எந்த இன்ஜின், எந்த வருஷம்? புத்தகத்தைப் பாருங்க. யாரோ சொன்ன எண்ணில் ஹெட் இறுக்கக் கூடாது.

பல்லாவரம்: கேஸ்கட்ல துளை இருக்கு, ஒண்ணுல ஒண்ணு, இன்னொண்ணுல ரெண்டு. எதை வாங்கறது?

நல்ல கேள்வி. அது தடிமனுக்கான அடையாளம். டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று எல்லா சிலிண்டரிலும் அளந்து, அதற்கேற்ற தடிமனை வாங்கணும். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கலாம், தடித்ததைப் போட்டால் கம்ப்ரெஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும். சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைக்குப் போகும்போது பழைய கேஸ்கட்டையும் அளவையும் கையில் கொண்டுபோங்க.

கொரட்டூர்: கேஸ்கட் மேல அனபாண்ட் பேஸ்ட் தடவலாமா?

கூடாது. புத்தகம் ஏதாவது ஓர் இடத்தில் கேட்டால் அங்கே மட்டும்.

வேளச்சேரி: என் பெட்ரோல் காருக்கு...

டீசல் லாரி மட்டும். கார் மெக்கானிக்கிடம் கேளுங்க.

செங்குன்றம்: அண்ணா, எங்களது தண்ணி லாரி. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டார். சென்னை வெயிலுக்கு வேண்டாம்னார்.

வேணும்மா. தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் சூட்டுக்கேற்ப ரேடியேட்டர் பாதையைத் திறந்து மூடும் வால்வு. பெரும்பாலானவை 80 டிகிரியை ஒட்டித்தான் திறக்கும். அக்னி நட்சத்திரத்திலும் நம்ம ஊர் காற்று அதில் பாதியளவுதான். பல இன்ஜின்களில், திறக்கும் அதே வால்வு பைபாஸ் பாதையை மூடும். கழட்டிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். அதனால் பாரம் ஏற்றும்போது சூடு ஏறலாம்.

பூந்தமல்லி: நான் பத்து வருஷமா இல்லாம ஓட்டுறேன். சூடே ஏறல சார்.

சூடு ஏறாமல் ஓடுவதும் கெடுதல்தான். டீசல் முழுக்க எரியாது, ஆயிலில் கலக்கும், சிலிண்டர் போர் சீக்கிரம் தேயும். ஆயில் மாற்றும்போது கழிவின் நிறத்தையும் நெடியையும் கவனிங்க.

மணலி: எங்க ஷெட்ல எல்லாரும் கழட்டறாங்களே. அது ஜாம் ஆகித்தானே ஹெட் போகுது?

ஏன் ஜாம் ஆகிறது? போர்வெல் தண்ணீர். நம்ம பக்கத்து உப்புத்தண்ணீர் ஊற்ற ஊற்ற ஹெட் பாதையிலும் ரேடியேட்டரிலும் சுண்ணாம்பு படியும். வால்வு சிக்குவது அதில் ஒரு பகுதி. வால்வை எடுத்தால் சுண்ணாம்பு போகாது, அடுத்த கேஸ்கட்டும் அங்கேதான் வேகும். கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுங்க. செலவைப் பார்த்து தயங்குகிறீர்கள், தெரியும். ஆனால் ஹெட் இறக்கும் கூலிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

மணலி: வால்வு நல்லா இருக்கான்னு எப்படி பாக்கறது?

பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்க. அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரியில் திறக்க ஆரம்பித்து, ஆறியதும் முழுக்க மூடணும்.

எண்ணூர்: சிலிக்கான் பேஸ்ட் தடவினா கூடுதல் பிடிப்பு இருக்காதா?

மேலே கொரட்டூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

பெரம்பூர்: பழைய போல்ட்டையே போடலாமா? மறுபடி இறுக்கணுமா?

டிகிரி கணக்கில் திருப்பி இறுக்கும் போல்ட் என்றால் பெரும்பாலும் புதுசுதான், அது நீண்டிருக்கும். மறு இறுக்கம் கேஸ்கட்டைப் பொறுத்தது. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்குப் பொதுவாக வேண்டாம், பழைய கலவைக் கேஸ்கட்டுக்குப் புத்தகம் கேட்டால் செய்யணும். துளையைக் காய வைத்தீங்களா? முதலில் அதைச் சொல்லுங்க.

வியாசர்பாடி: அரம், எமரி டிஸ்க் வச்சு பிளாக்கைத் தேய்க்கலாமா?

டிஸ்க் வேண்டவே வேண்டாம். அதன் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். சிலிண்டரிலும் ஆயில் துளையிலும் துணி அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் பொறுமையாகச் சுரண்டுங்க. கடைசியில் துணியை எண்ணி எடுங்க.

மாதவரம்: அண்ணே, குமிழி வருது. நாளைக்கு இறக்கறோம்.

சரி தம்பி. இன்றைக்கே கூலன்ட்டை வடிச்சிடுங்க, பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. இன்ஜெக்டர் வாஷரும் புதுசாக வாங்கிக்கங்க. எந்த சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் கருகியிருக்கிறது என்று போட்டோ எடுத்து வைங்க, துடைப்பதற்கு முன்னால்.