மட்டக்களப்பில் சின்ன இசைக்குழுக்களையும் அவர்களின் பாட்டை வெளியிடும் சிறிய லேபிளையும் எப்படி ஆதரிப்பது?

நிகழ்ச்சிக்கு நேரில் போவதுதான் முதல் உதவி. கல்லடிப் பக்கம், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களிடம் எங்கே நிகழ்ச்சி நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். ரிக்கெட்டைக் காசு கொடுத்தே எடுங்கள். தெரிந்தவர் என்று ஓசியில் போகாதீர்கள். சவுண்ட் செட் வாடகை, வான் கூலி எல்லாம் அந்தக் காசில்தான்.

இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிஃபையில் கேட்பது நல்லதுதான், ஆனால் போதாது. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே உரிமைத்தொகை கிடையாது. சின்னக் குழுக்களுக்கு இது பெரிய அடி. குழுக்களே பாட்டை விற்கும் இணையத்தளமான பாண்ட்காம்ப்பில் பாட்டு விற்றால் தளம் எடுப்பது பொதுவாக 15%. அதைவிட, நிகழ்ச்சி முடிந்ததும் சீடியையோ ரீசேட்டையோ கையில் காசு கொடுத்து வாங்குங்கள், முழுக்க அவர்களுக்கே போகும். அப்புறம், நிகழ்ச்சியில் ஒலியமைப்பைப் பார்த்தவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். சிறிய லேபிளில் பல நேரம் அதை நடத்துபவரும் அவர்தான்.