ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்னால்: நர்சிங் மாணவர்கள் கேட்டவை

வயதான ஒருவருக்குப் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு அப்படியே நின்றது. நீர்ச்சத்துக் குறைவு என்று எழுதிவிடலாமா மேடம்?

வேண்டாம். வயதாக ஆக தோலின் இழுவைத்தன்மை குறைந்துவிடும். நன்றாகத் தண்ணீர் குடிப்பவருக்கும் புறங்கையில் மடிப்பு நிற்கும். காலர் எலும்புக்குச் சற்றுக் கீழே, இல்லையென்றால் நெஞ்செலும்பின் மேல் கிள்ளிப் பாருங்கள். அதையும் தனியாக நம்பாமல் நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது, நாடி வேகமாக ஓடுகிறதா என்று சேர்த்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

கறுத்த நிறமுள்ளவர்களிடம் தோல் நீலம் பாய்ந்திருப்பதும் படுக்கைப்புண்ணின் ஆரம்பச் சிவப்பும் கண்ணுக்கே தெரிவதில்லையே?

பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெளிர் தோலையே காட்டிப் பழக்கிவிட்டார்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. நீலத்தை நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் தேடுங்கள். சோகையைக் கீழ் இமையை இறக்கி உள்ளே பாருங்கள். மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளை, அதுவும் பகல் வெளிச்சத்தில். படுக்கைப்புண்ணுக்குக் கண்ணைவிடக் கைதான் உதவும். வால் எலும்பு, குதிகால் மேல் விரல் வைத்து, பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். அந்த இடம் மட்டும் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ தொளதொளவென்றோ இருக்கிறதா? வலிக்கிறது என்கிறாரா? சிவப்பு தெரியாவிட்டாலும் அதுவே எச்சரிக்கைதான்.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கேட்கும் மூச்சுச் சத்தங்களான கிராக்கிள்ஸ், வீஸ், ராங்கை மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கின்றன.

முதலில் உங்கள் காதருகே உள்ள முடியை இரண்டு விரலுக்கிடையே வைத்து உரசுங்கள். மெல்லிய கிராக்கிள்ஸ் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கும், பெரும்பாலும் மூச்சை உள்ளிழுக்கும்போது. வீஸ் என்பது விசில் மாதிரி நீண்ட சத்தம். மூச்சை விடும்போது அதிகம் கேட்கும். ராங்கை குறட்டை போலக் கனமாக இருக்கும், சளியால் வருவது. இருமச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள்: ராங்கை பல நேரம் மறைந்துவிடும், மெல்லிய கிராக்கிள்ஸ் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

மாணவியாக இருந்தபோது ஒருவருக்கு "இரண்டு பக்கமும் கிராக்கிள்ஸ்" என்று பெருமையாக எழுதிவைத்தேன். சீனியர் சிஸ்டர் வந்து, அவருடைய நெஞ்சு முடியை ஈரப் பஞ்சால் தடவிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை வைக்கச் சொன்னார். சத்தம் போய்விட்டது! சட்டைக்கு மேல் வைத்துக் கேட்பதும் இதே தப்புதான்.

முதுகில் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். பின்னால் கேட்பதில் பெரும்பகுதி நுரையீரலின் கீழ்மடல்தான். வலது நடுமடல் முன்னாலும் அக்குள் பக்கமும்தான் பிடிபடும். ஒரு பக்கம் கேட்டதும் மறுபக்கம் அதே உயரத்தில் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டே இறங்குங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: ஆஸ்துமாவில் திணறுகிறவரின் வீஸ் திடீரென்று நின்று, நெஞ்சில் காற்றுச் சத்தமே கேட்காமல் போனால் அது குணமான அறிகுறி இல்லை. உடனே ஆள் கூப்பிடுங்கள்.

இதயத்தின் 'லப்' எது, 'டப்' எது? வேகமாக அடிக்கும்போது குழம்பிவிடுகிறது.

கேட்டுக்கொண்டே கழுத்து நாடியில் இரண்டு விரல் வையுங்கள், ஒரு பக்கம் மட்டும். விரலில் துடிப்பு தட்டும்போது கேட்பது முதல் ஒலி, அதாவது 'லப்'. அது இதய நுனியில், இடது ஐந்தாம் விலா இடைவெளியில், காலர் எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டருகே உரக்கக் கேட்கும். இரண்டாம் ஒலியான 'டப்' மேலே, நெஞ்செலும்பின் இருபுறமும் இரண்டாம் இடைவெளியில். விலாவை எண்ணத் தடுமாறினால் கழுத்துக்குழியிலிருந்து விரலை இறக்குங்கள். நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் சேர்வது இரண்டாம் விலா, அதற்குக் கீழே இரண்டாம் இடைவெளி.

இதய நுனித் துடிப்பை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதாதா?

போதாது. முழு 60 விநாடி. தாளம் தவறினால் இன்னொருவர் அதே நேரத்தில் மணிக்கட்டு நாடியை எண்ணட்டும். வித்தியாசம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

சார்ட்டில் "நுரையீரல் நார்மல்" என்று எழுதினால் திட்டுகிறார்கள்.

நானும் திட்டியிருப்பேன். "முதுகில் வலது கீழ்ப்பகுதியில், மூச்சிழுப்பின் முடிவில் மெல்லிய கிராக்கிள்ஸ், இருமிய பிறகும் மாறவில்லை" என்று எழுதிப் பாருங்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் அதே இடத்தில் வைத்துக் கேட்டு, கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார்.