சர்க்கரையை ஒட்டுவதும் சர்க்கரை ஒட்டிக்கொள்வதும்: கேள்வி பதில்

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் ரிப்போர்ட்டில் ‘கிளைக்கோசைலேட்டட் ஹீமோகுளோபின் 7.2’ என்று இருக்கிறது. மகள் வேறு லேபில் எடுத்ததில் ‘கிளைக்கேட்டட்’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு பரிசோதனையா மேடம்?

பதில்: ஒரே பரிசோதனைதான் ஐயா, ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி. மகள் ரிப்போர்ட்டில் இருப்பதுதான் சரியான பெயர். உங்களுடையதில் இருப்பது பழைய வழக்கம். இன்னும் பல இடங்களில் அப்படியே அச்சாகிறது. 7.2 என்றால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் ரத்தச் சர்க்கரை சராசரியாக 160 மி.கி. அளவில் இருந்திருக்கிறது. பெயரை விடுங்கள், இதை டாக்டரிடம் பேசுங்கள்.

திருச்சி, பி.எஸ்சி. மாணவி: எங்கள் நோட்ஸில் கிளைக்கோசைலேஷன், கிளைக்கேஷன் இரண்டுக்குமே ‘புரதத்தோடு சர்க்கரை சேர்தல்’ என்றுதான் இருக்கிறது அக்கா. தேர்வில் எப்படிப் பிரித்து எழுதுவது?

பதில்: முதல் வரியிலேயே நொதி உண்டா இல்லையா என்று எழுதிவிடும்மா. கிளைக்கோசைலேஷன் செல் தானே செய்கிற வேலை. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் வலையில், டோலிக்கால் என்ற கொழுப்பின் மேல் 14 சர்க்கரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அந்தக் கொத்தை அப்படியே தூக்கிப் புரதத்தில் உள்ள ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் மேல் வைக்கிறது ஒரு நொதி. எந்த ஆஸ்பராஜினாக இருந்தாலும் சரி என்று வைக்காது. அதற்கு அடுத்த இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கக் கூடாது. அதற்கும் அடுத்து செரினோ திரியோனினோ இருக்க வேண்டும். அப்புறம் கோல்கை என்ற செல் உறுப்பில் வெட்டலும் சேர்த்தலும் நடக்கும். செரின், திரியோனின் மேலேயே சர்க்கரை ஏறும் வகையும் உண்டு. இந்த இரு வகையிலும் உருவாவது கிளைக்கோசைடிக் பிணைப்பு.

கிளைக்கேஷனில் யாரும் எதையும் செய்வதில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாகத்தான் இருக்கும். வளையம் திறந்து ஆல்டிஹைடு வெளியே தெரிகிற மிகச் சில மூலக்கூறுகள், பக்கத்தில் கிடைக்கும் அமைன் தொகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. ஹெச்பிஏ1சியில் அது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலமான வேலின். முதலில் உருவாகும் ஷிஃப் காரம் திரும்பப் பிரிந்துவிடலாம். உள்ளே அணுக்கள் இடம் மாறும் அமடோரி மறுசீரமைப்பு நடந்துவிட்டால் அனேகமாகப் பிரியாது. சிவப்பணு சாகும்வரை, அதாவது சுமார் 120 நாள், கூடவே இருக்கும். அங்கே கிளைக்கோசைடிக் பிணைப்பே கிடையாது. ஹீமோகுளோபின் எண்டோபிளாஸ்மிக் வலை வழியாகப் போகிற புரதமும் இல்லை. பிறகு எப்படி அதைக் ‘கிளைக்கோசைலேட்டட்’ என்பது?

அதே வகுப்பிலிருந்து இன்னொருவர்: தவறான பெயர் எப்படி வந்தது?

பதில்: 1968இல் விஞ்ஞானி சாமுவேல் ரஹ்பர் தெஹ்ரானில் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான ஒரு பகுதியைப் பார்த்தார். அதில் சர்க்கரை இருக்கிறது என்று பிறகு தெரிந்தபோது, கைவசம் இருந்த சொல்லையே வைத்துவிட்டார்கள். கிளைக்கேஷன் என்ற சொல் நிலைபெற்றது அதற்கும் பின்னால்தான்.

ஈரோடு வாசகர்: இனிப்பு அதிகம் சாப்பிட்டால் கிளைக்கோசைலேஷன் கூடுமா?

பதில்: ரத்தச் சர்க்கரை ஏறினால் கூடுவது கிளைக்கேஷன். முறுக்கு எண்ணெயில் சிவப்பதும் இதே வேதியியலின் தொடர்ச்சிதான். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்தது. அடுப்பில் நிமிடங்களில் நடப்பது உடம்பின் சூட்டில் வாரக்கணக்கில் நடக்கிறது. கிளைக்கோசைலேஷன் எல்லோருக்கும் எப்போதும் நடக்க வேண்டியது. அதற்கான நொதிகளில் பிறவிக் குறை இருந்தால் குழந்தைக்கு மூளை, கல்லீரல் என்று பல உறுப்புகள் பாதிக்கப்படும்.

சேலம் வாசகர்: மனைவிக்கு ரத்தசோகை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஹெச்பிஏ1சி மட்டும் 6.6. எதை நம்புவது?

பதில்: 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்பதுதான் வரையறை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவில் இந்த எண் பொய்யாகவே கொஞ்சம் ஏறிக் காட்டும். சிவப்பணு சீக்கிரம் அழிகிற நோய்களில் நேர்மாறாக, குறைத்துக் காட்டும். சர்க்கரை ஒட்டுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. வெறும் வயிற்றுப் பரிசோதனையோடு ஃபிரக்டோசமைனும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது முக்கியமாக ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரை. இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும். மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கோவை, ரத்த வங்கி ஊழியர்: ரத்த வகையும் சர்க்கரைதான் என்கிறார்களே?

பதில்: ஆமாம், இது அசல் கிளைக்கோசைலேஷன். ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை ஏறிய எச் என்ற அடிப்படைச் சங்கிலியின் மேல் என்-அசிடைல்கேலக்டோசமைன் என்ற சர்க்கரையை வைத்தால் ஏ, கேலக்டோஸை வைத்தால் பி. இரண்டையும் வைக்கத் தெரியாத நொதி இருந்தால் ஓ. ஏ நொதிக்கும் பி நொதிக்கும் வித்தியாசம் நான்கே அமினோ அமிலம்! பம்பாய் வகையினருக்கு எச்சே கிடையாது. 1952இல் பம்பாயில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தெரியும், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. உங்கள் வேலையில் இதை மறக்கவே கூடாது.

ஹைதராபாத், மருந்து நிறுவன ஊழியர்: இன்சுலினை பாக்டீரியாவில் செய்கிறோம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினை ஏன் செய்வதில்லை?

பதில்: இன்சுலினில் சர்க்கரை இல்லை, அதனால் ஈ. கோலை என்ற பாக்டீரியா போதும். எரித்ரோபொய்ட்டினின் எடையில் சுமார் 40 சதவீதம் சர்க்கரை. அது இல்லாமல் ஊசி போட்டால் ரத்தத்திலிருந்து சட்டென்று வெளியேறிவிடும். ஈ. கோலைக்கு அந்தச் சங்கிலிகளைக் கட்டத் தெரியாது. அதனால்தான் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்கள். அதன் மாற்று வடிவமான டார்பெபொய்ட்டினில் கூடுதலாக இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள் ஏறும்படி புரதத்தையே மாற்றியிருக்கிறார்கள். அதனால் அது உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், ஊசியின் எண்ணிக்கையும் குறையும்.