ப்ளூஸ் ஸ்கேல் சரியா வாசிச்சும் சோகப்பாட்டு மாதிரியே கேக்குதா?

பாளையங்கோட்டைல சர்ச் கொயருக்கு கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டிருக்கான்: "அண்ணாச்சி, சி ப்ளூஸ் ஸ்கேல மூணு மாசமா பிராக்டிஸ் பண்ணுதேன், சி, இ ஃப்ளாட், எஃப், ஜி ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட் எல்லாம் சரியாத்தான் விழுது, ஆனா வீட்டுல என்னல சோகப்பாட்டா வாசிக்கன்னு கேக்காங்க, ப்ளூ நோட்டு எங்க தப்புது?"

வலது கைய விடு தம்பி, இடது கைல என்ன கார்டு, அதான் சேத்து அமுக்குற சுரக்கூட்டு, போடுத? சி மைனர்தான, சி, இ ஃப்ளாட், ஜி? இ ஃப்ளாட்ட பாத்ததும் எல்லாரும் அங்கதான் போவாங்க, நானும் போயிருக்கேன். மைனருக்கு மேல இ ஃப்ளாட் வந்தா அது அந்த வீட்டுப் பிள்ளை, சண்டையே கிடையாது, வெறும் சோகமாத்தான் கேக்கும். அங்க சி7 (சி, இ, ஜி, பி ஃப்ளாட்) போட்டுட்டு அதே கட்டைய அமுக்கிப் பாரு, கீழ இ, மேல இ ஃப்ளாட், ரெண்டும் உரசும்லா, அந்த உரசல்தான் உனக்கு வேணும்.

அமெரிக்கால கறுப்பின மக்கள் வேலைக்காட்டுல பாடுன பாட்டுல மூணாவது சுரமும் ஏழாவது சுரமும் மேஜருக்கும் மைனருக்கும் நடுவுல எங்கயோ நிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நிக்கவும் செய்யாது, அதான் நீ கேட்ட ப்ளூ நோட்டு. 1914ல டபிள்யூ.சி. ஹேண்டிங்கிற இசையமைப்பாளர் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' எழுதும்போது, அத பேப்பர்ல கொண்டாரத்தான் மேஜர் பாட்டுக்குள்ள ஃப்ளாட் போட்டாரு. ஆக அந்த ஃப்ளாட்டே ஒரு அட்ஜஸ்ட்மெண்ட்தான்.

நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த பக்கத்து ஆளுக்கு இத ரொம்ப விளக்கணுமா என்ன, தோடி ராகத்துக் காந்தாரம் நாயனத்துல ஒரு இடத்துல நிக்குமா? ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிராத, அங்க அடில சுருதி மட்டும்தான் ஓடுது, இங்க மேஜர் கார்டு எதுத்து நிக்கி. இன்னொண்ணு, உன் ஸ்கேல்ல ஜி ஃப்ளாட்ட எடுத்துட்டா மிச்சம் நம்ம சுத்த தன்யாசி ராகம், கார்டு சரியா இல்லேன்னா காது அங்கதான் ஓடும்.

கீபோர்டுல நடுவுல கட்டை கிடையாதே, அதனால பியானோக்காரங்க இ ஃப்ளாட்ட தட்டுன வேகத்துல இ-க்கு வழுக்குவாங்க, இல்ல ரெண்டையும் சேத்து நசுக்குவாங்க. கருப்புக் கட்டைலருந்து வெள்ளைக்கு ஒரே விரல் சறுக்குனா போதும். சுரத்த வளைக்கிற பிட்ச் பெண்ட் வீல ஒரு செமிடோன்ல (அடுத்த கட்டை தூரம்) வச்சு இ ஃப்ளாட்டுலருந்து பாதி தள்ளுனா 50 சென்ட், அதாவது அரைக் கட்டை ஏறும், ஆனா பல கீபோர்டுல இடது கை கார்டும் சேந்து வளைஞ்சு நாறிரும், பாத்துக்கோ. ஜி ஃப்ளாட்ல உக்காராத, எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவுல போற போக்குல தொட்டுட்டுப் போ.

இனி ப்ளூஸ் பாட்டோட ஒரு சுத்து, 12 பார் (தாளக் கட்டம்): சி7 நாலு, எஃப்7 ரெண்டு, சி7 ரெண்டு, ஜி7 ஒண்ணு, எஃப்7 ஒண்ணு, சி7 ரெண்டு. மெதுவா, வலது கைல முழுசும் இ ஃப்ளாட் ஒண்ண மட்டும் வாசி. சி7ல உரசுன அதே நோட்டு எஃப்7 வந்ததும் அந்த கார்டோட சொந்த நோட்டாயி அமைதியாயிரும், திரும்ப சி7ல உரசும். அந்த வித்தியாசம் காதுல விழுத வரைக்கும் வேற நோட்டத் தொடாத.